வீட்டுப் பக்கத்துக் கறி ஹவுஸில் நாம் என்ன கேட்டுச் சாப்பிடலாம்? (லண்டன்)

சட்டன்வாசி · ஞாயிறு இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். தெற்கு லண்டனில் சட்டன் பக்கம் வீடு மாறி வந்திருக்கிறோம். தெரு முனையிலேயே ஒரு இந்தியன் ரெஸ்டாரன்ட். நடத்துபவர்கள் வங்கதேசத்தின் சில்ஹெட்டைச் சேர்ந்தவர்கள், நன்றாகப் பழகுகிறார்கள். மெனுவைத் திறந்தால்தான் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோர்மா, பதியா, தன்சாக், டோபியாசா, ஜால்ஃப்ரேசி, மெட்ராஸ், விந்தாலு என்று வரிசையாகப் போகிறது. அதையே கோழியில், ஆட்டில், இறாலில், காய்கறியில் என்று திரும்பத் திரும்ப அச்சடித்திருக்கிறார்கள். ஒரு தடவை மெட்ராஸ் வாங்கிப் பார்த்தேன். காரம் இருந்தது, ஆனால் நாம் சாப்பிட்டுப் பழகிய ருசி எதுவும் இல்லை.

ஜூலையில் அம்மாவும் அப்பாவும் திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள். அம்மா சுத்த சைவம். அப்பாவுக்கு எலும்போடு கறி இருந்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அவர்களால் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பது இந்த ஒரு கடைதான். அங்கே என்ன கேட்கலாம்? மெனுவில் இல்லாததைக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து வருகிறதே, அது கட்டாயமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மதுரைக்காரன் · ஞாயிறு இரவு 10:05

அந்தக் கடையை விட்டுவிட்டு டூட்டிங் போங்கள். சட்டனிலிருந்து பஸ்ஸில் மார்டன், அங்கே நார்தர்ன் லைனில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் டூட்டிங் பிராட்வே. இறங்கியதும் தோசை, இட்லி, கொத்து, மீன் குழம்பு என்று எல்லாம் கிடைக்கும். ஸ்ரீ கிருஷ்ணா 1973-லிருந்து அந்தத் தெருவில் கேரளச் சமையல் செய்துகொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர்களின் கடைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. திருநெல்வேலியிலிருந்து வருகிறவர்களுக்கு வெங்காயக் கிரேவியில் கோழித் துண்டுகளை மிதக்கவிட்டு எதற்குக் கொடுக்க வேண்டும்?


சமையற்கட்டு · ஞாயிறு இரவு 10:31

மதுரைக்காரர் சொன்னதை ஆமோதிக்கிறேன். கறி ஹவுஸில் எல்லாவற்றுக்கும் ஒரே அடிக் குழம்புதான். அதில் மிளகாய்த்தூள் கூடினால் ஒரு பெயர், க்ரீமும் சர்க்கரையும் கூடினால் இன்னொரு பெயர். கோழியை முன்னாலேயே வேகவைத்து எடுத்து வைத்திருப்பார்கள், மசாலா உள்ளே இறங்கியிருக்காது. இரண்டு பேர் ஸ்டார்டர், சோறு, நான் எல்லாம் சேர்த்துச் சாப்பிட்டால் 50 பவுண்டு ஓடிவிடுகிறது. அந்தக் காசில் வீட்டில் நான்கு நாள் நல்ல கறிக்குழம்பு வைக்கலாம்.


நல்லூர் அக்கா · ஞாயிறு இரவு 11:12

தம்பி சட்டன்வாசி, வயதான ஆக்களை ஒவ்வொரு முறையும் பஸ், டியூப் என்று ஏற்றி இறக்க ஏலாது. அம்மா அப்பா வந்து ஒரு கிழமை கழிய அவர்களுக்கும் அலுப்படிக்கும், பின்னேரம் காலாற நடந்துபோய்ச் சாப்பிட்டு வர ஓர் இடம் வேணும். ரூட்டிங்கிற்கு ஒரு சனிக்கிழமை வடிவாகக் கூட்டிக்கொண்டு போங்கோ. தெரு முனைக் கடையையும் விடாதேங்கோ.

நாங்கள் எண்பதுகளில் வந்தபோது இப்ப மாதிரி ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் தமிழ்க்கடைகள் நிறைந்திருக்கேல்லை. இரவு வேலை முடிந்து வரேக்க திறந்திருந்தது பெங்காலி ஆக்களின்ர கடைதான். சோறும் பருப்பும் உறைப்பான கோழிக்கறியும் தருவினம். நாங்கள் ஆர், எங்கேயிருந்து வாறம் என்று அன்பாகக் கதைப்பினம். அந்தச் சாப்பாடு யாழ்ப்பாணத்துச் சாப்பாடு மாதிரி இருக்க வேணும் என்று நாங்கள் எதிர்பார்க்கேல்லை.


வெள்ளி ஷிஃப்ட் · திங்கள் காலை 7:20

மாஸ்டர்ஸ் படித்தபோது கென்ட் பக்கம் ஒரு கறி ஹவுஸில் வெயிட்டராக இருந்தேன். மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்க முடியும், அதனால் வெள்ளி, சனி, ஞாயிறு எல்லாம் அங்கேதான். சமையலறைக்குள் நடப்பது தெரிந்தால் என்ன கேட்கலாம் என்பதும் தெரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

காலையில் முதல் வேலை பேஸ் கிரேவி. ஒரு மூட்டை வெங்காயம் உரித்து, இஞ்சி, பூண்டு, கொஞ்சம் கேரட், குடைமிளகாய், தக்காளி, மஞ்சள்தூள், எண்ணெய் எல்லாம் போட்டு, பெரிய அண்டாவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கும். பிறகு மிக்ஸர் கோலை உள்ளே விட்டு நைசாக அரைத்துவிடுவார்கள். ரசத்தைவிடச் சற்றுக் கெட்டியாக, மங்கிய மஞ்சள் நிறத்தில் இருக்கும். அப்படியே குடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெங்காயத்தின் இனிப்பு மட்டும் லேசாக வரும்.

சாயங்காலம் ஆர்டர் வந்ததும்தான் சமையல். அலுமினியச் சட்டி, முழு நெருப்பு. எண்ணெயில் இஞ்சி பூண்டு விழுது, கடையின் மிக்ஸ் பவுடர், தக்காளி விழுது. அது சுருண்டு ஓரத்தில் எண்ணெய் பிரியும்போது பேஸ் கிரேவி ஒரு கரண்டி. சட்டியின் விளிம்பில் பிடித்துக் கறுக்கத் தொடங்குவதை மாஸ்டர் கரண்டியின் முதுகால் சுரண்டி உள்ளே தள்ளுவார். திரும்ப ஒரு கரண்டி, திரும்பச் சுரண்டல். அந்தத் தீய்ந்த மணத்தில்தான் மொத்த ருசியும் இருக்கிறது. வேகவைத்த கறி அதற்குப் பிறகுதான் சட்டிக்குள் வரும். கடைசியில் காய்ந்த வெந்தயக்கீரையைக் கையில் கசக்கிப் போட்டு இறக்கினால், தொடக்கத்திலிருந்து ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். நெருப்புக்கும் கரண்டிக்கும் நடுவில் அவர்கள் காட்டும் வேகத்தைப் பார்த்தால் ‘ஒரே குழம்பு’ என்று சொல்ல மனம் வராது.

நம்மூர் பரோட்டா கடையிலும் ஒரே சால்னாதான் எல்லாத் தட்டுக்கும் போகிறது. அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. கடைக்குக் கடை எந்தச் சால்னா நன்றாக இருக்கிறது என்றுதான் பேசிக்கொள்கிறோம். கறி ஹவுஸையும் அப்படிப் பாருங்கள். பேஸ் கிரேவி நன்றாக இருக்கும் கடையில் எதைக் கேட்டாலும் நன்றாக இருக்கும்.

இனி நம் நாக்குக்கு என்ன ஒத்துவரும் என்று பார்ப்போம். மெட்ராஸும் விந்தாலுவும் அங்கே காரத்தின் அளவுதான், அவற்றில் ஊர் ருசியைத் தேட வேண்டாம். புனா கேளுங்கள். கிரேவியைச் சுண்டவைத்து மசாலா கறியோடு ஒட்டுகிற மாதிரி வரும், நம் சுக்கா பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். ஜால்ஃப்ரேசியில் பச்சைமிளகாயும் வெங்காயமும் ஆர்டர் வந்த பிறகுதான் சட்டியில் விழும், அதனால் ருசி புதிதாக இருக்கும். நாகா மிளகாய் போட்டது மெனுவில் இருந்தால் ஒரு முறை வாங்குங்கள். அந்த மிளகாய்க்குக் காரம் மட்டுமல்ல, பழத்தின் மணமும் உண்டு. சில்ஹெட்காரர்கள் உயிரையே கொடுப்பார்கள் அதற்கு.

அப்பாவுக்கு: ‘ஸ்டாஃப் கறி’ என்று ஒன்று உண்டு. ராத்திரி கடை மூடிய பிறகு வேலைக்காரர்கள் தாங்கள் சாப்பிடச் செய்வது. ஆட்டுக்கறி எலும்போடு, முழு கரம் மசாலா போட்டு, அடுப்பில் நிதானமாக வெந்தது. அதற்கும் பேஸ் கிரேவிக்கும் சம்பந்தமில்லை. சில நாள் மீன் குழம்பு, சில நாள் சாத்கொரா போட்ட கறி. சாத்கொரா என்பது சில்ஹெட்டில் விளையும் தடித்த தோல் எலுமிச்சை வகை. தோலோடு துண்டு போடுவார்கள், கசப்பும் புளிப்பும் சேர்ந்து வரும். இதெல்லாம் மெனுவில் இருக்காது. முந்தின நாளே போன் செய்து, ‘அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார், உங்கள் வீட்டுச் சமையல் மாதிரி எலும்போடு கறி செய்து தர முடியுமா’ என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் செய்வார்கள். நான் இருந்த கடையில் அப்படிக் கேட்டு ஒருவர் வந்தால் மாஸ்டரே வெளியே வந்து எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். மாட்டுக்கறி சாப்பிடாதவர் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், ஸ்டாஃப் கறி மாட்டிலும் செய்வதுண்டு.

வெள்ளி, சனி இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் இந்த மாதிரி எதுவும் கேட்காதீர்கள். மேசைகள் நிரம்பி, பக்கத்தில் டெலிவரி ஆர்டர் மெஷின் நிற்காமல் காகிதம் துப்பிக்கொண்டிருக்கும்.


சமையற்கட்டு · திங்கள் காலை 8:02

வெள்ளி ஷிஃப்ட், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டாஃப் கறி விஷயம் எனக்குப் புதிது. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. நல்ல சமையல் தெரிந்தவர்கள் அதைத் தாங்கள் சாப்பிட வைத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்கு ஏன் சர்க்கரையும் க்ரீமும் போட்ட ஒன்றைக் கொடுக்கிறார்கள்?


கிழக்கு லண்டன் · திங்கள் பகல் 1:15

அதற்கு வரலாறு இருக்கிறது. சில்ஹெட்காரர்களில் முதலில் வந்தவர்கள் பிரிட்டிஷ் கப்பல்களின் எஞ்சின் அறையில் கரி அள்ளிய மாலுமிகள். கப்பலை விட்டு இறங்கி லண்டனில் தங்கியவர்கள் ஹோட்டல் சமையலறைகளில் பாத்திரம் கழுவி, பிறகு சிறிய காப்பிக் கடைகள் நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீன்-சிப்ஸ் கடைகளையும் கஃபேக்களையும் வாங்கினார்கள். வழக்கமாக வருகிறவர்கள் விட்டுப் போகக்கூடாதே என்று மீன்-சிப்ஸை நிறுத்தாமல், ஓரமாகக் கறியும் சோறும் வைத்தார்கள். இப்போதும் பழைய கறி ஹவுஸ் மெனுவின் கடைசிப் பக்கத்தில் ‘ஆம்லெட், சிப்ஸ்’ என்று ஆங்கிலச் சாப்பாடு இரண்டு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தின் மிச்சம் அது.

பப்கள் பதினொரு மணிக்கு மூடியதும் பசியோடு வந்தவர்கள்தான் அவர்களுடைய கூட்டம். அந்த நேரத்தில் திறந்திருந்த கடைகளே குறைவு. வந்தவர்கள் கேட்டது எலும்பில்லாத கறி, நிறைய கிரேவி, எவ்வளவு காரம் என்று முன்னாலேயே தெரிகிற பெயர். அதற்கேற்ப ஒரு சமையலை உருவாக்கினார்கள். ஆர்டர் எடுத்துப் பத்து நிமிடத்தில் நாற்பது பேருக்கு நாற்பது விதமாகக் கொடுக்க வேண்டும் என்றால் பேஸ் கிரேவி இல்லாமல் நடக்காது. சமையற்கட்டு கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: சமைத்தவர்கள் தங்கள் நாக்குக்குச் சமைக்கவில்லை, கடை வாடகைக்குக் காசு தந்த வாடிக்கையாளருக்குச் சமைத்தார்கள். அந்தக் காசு சில்ஹெட்டில் வீடு கட்டியது, பிள்ளைகளை இங்கே படிக்கவைத்தது.

1810-லேயே இந்தியாவிலிருந்து வந்த சேக் தீன் முகமது லண்டன் ஜார்ஜ் ஸ்ட்ரீட்டில் ஹிந்துஸ்தானி காப்பி ஹவுஸ் திறந்தார், இரண்டு வருடத்தில் திவாலானார். 1926-ல் ரீஜன்ட் ஸ்ட்ரீட்டில் வீராசாமி ரெஸ்டாரன்ட் வந்தது, அது பணக்காரர்களுக்கு. தெருவுக்குத் தெரு இந்தியச் சாப்பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இந்த மாலுமிகளும் அவர்கள் பிள்ளைகளும்தான். 2001-ல் வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று மேடையில் சொன்னார்.

இப்போது நிலைமை வேறு. கிழக்கு லண்டனின் ப்ரிக் லேன் தெருவில் 2000-களின் நடுவில் அறுபது கறிக்கடைகள் இருந்தன, 2020 தொடக்கத்தில் எண்ணியபோது 23. வாடகை ஏறியது ஒரு காரணம். அப்பா காலையில் வெங்காயம் உரித்து நள்ளிரவில் மேசை துடைத்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அக்கவுன்டன்ட் ஆகவும் பார்மசிஸ்ட் ஆகவும் போய்விட்டார்கள், அது நல்லதுதான். ஊரிலிருந்து மாஸ்டர்களை வரவழைக்கலாம் என்றால் 2024 ஏப்ரலில் வேலை விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பை 26,200 பவுண்டிலிருந்து 38,700-க்கு ஏற்றினார்கள். தெரு முனைக் கடைகளால் அதை எங்கே கொடுக்க முடிந்தது? பிறகு அந்த வரம்பு இன்னும் ஏறிவிட்டது.

சட்டன்வாசி, உங்கள் தெருவில் அந்தக் கடை இன்னும் இருப்பதே பெரிய விஷயம். போய்ச் சாப்பிடுங்கள்.


மதுரைக்காரன் · திங்கள் மாலை 6:40

சரி, வரலாறு மதிக்க வேண்டியதுதான். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மரியாதைக்காக மட்டும் ஒரு கடையில் சாப்பிட முடியாது, ருசி வேண்டும். டூட்டிங்கில் நெய் ரோஸ்ட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது அம்மா முகம் மலர்கிற மாதிரி பிண்டி பாஜி என்கிற வெண்டைக்காய்க் கறிக்கு மலருமா?


நல்லூர் அக்கா · திங்கள் மாலை 7:05

மதுரைக்காரத் தம்பி, தோசையை ஊரிலேயே தினமும் சாப்பிடுகிற அம்மாவுக்கு லண்டனில் வந்து தோசைதான் வேணும் என்று நீங்கள் எப்படி முடிவெடுத்தனீங்கள்? அவவையும் ஒருக்கால் கேளுங்கோவன். என்ர மாமி வந்து நின்றபோது கறி ஹவுஸில் பெஷாவரி நான் சாப்பிட்டுவிட்டு, உள்ளுக்கு முந்திரிகைவத்தலும் தேங்காய்ப்பூவும் வைத்துச் சுடுகினம் என்று ஊருக்குப் போன் எடுத்துச் சொன்னவ.

மரக்கறி சாப்பிடுகிற ஆக்களுக்கு நான் சொல்லுவது: தர்கா டால் (தாளித்த பருப்பு), பிண்டி பாஜி, பிரிஞ்சால் பாஜி (கத்தரிக்காய்), சாக் ஆலு (கீரையும் உருளைக்கிழங்கும்). மெனுவில் இதெல்லாம் சைட் டிஷ் என்று ஒரு மூலையில் கிடக்கும், விலையும் குறைவு. இரண்டு சைட் டிஷ்ஷும் வெறும் சோறும் எடுத்தால் வயிறு நிறைந்துவிடும். ‘வெஜிடபிள் மெட்ராஸ்’ என்று பெரிய விலையில் போட்டிருப்பதை எடுக்காதேங்கோ, உறைஞ்ச மரக்கறியைப் போட்டுத் தருகிற கடைகளும் இருக்கு. தர்கா டாலில் பூண்டைப் பொன்னிறமாய்ப் பொரித்து மேலே ஊற்றச் சொல்லுங்கோ, எங்கட பருப்புக்கறிக்குக் கிட்ட வரும்.


வெள்ளி ஷிஃப்ட் · திங்கள் இரவு 11:50

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. சுத்த சைவம் என்பதால் இன்னும் சில விஷயங்கள் சேர்க்கிறேன்.

வெங்காய பாஜி, காய்கறி சமோசா, கறி சமோசா மூன்றையும் ஒரே எண்ணெயில் பொரிக்கும் கடைகள் நிறைய. சின்ன சமையலறையில் இரண்டு பொரிக்கும் சட்டி வைக்க இடம் இருக்காது. அதைப் பொருட்படுத்துபவர் என்றால் பொரித்ததைத் தவிர்ப்பது நல்லது. நான் ரொட்டி வேகும் தந்தூர் அடுப்பில்தான் கோழியும் வேகிறது, மாவில் முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு. சப்பாத்தியைத் தவாவில் போடுவார்கள், அது நிம்மதி. ‘தனிச் சட்டி, தனிக் கரண்டி’ என்று சொல்லிக் கேளுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். ஹலால் விஷயத்தில் கவனமாக இருப்பவர்கள் அவர்கள், சாப்பாட்டில் ஒருவருக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது என்றால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

உட்கார்ந்ததும் பாப்படமும் ஊறுகாய்த் தட்டும் வரும். மாங்காய் சட்னி, புதினாத் தயிர், நறுக்கிய வெங்காயம், எலுமிச்சை ஊறுகாய். கேட்காமலே வந்தாலும் இலவசமில்லை, தலைக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் அப்போதே சொல்லிவிடலாம். எலுமிச்சை ஊறுகாயை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன், சோறும் டாலும் வரும்போது கைகொடுக்கும்.


நிலாவின் அம்மா · செவ்வாய் காலை 9:30

இழையைத் திசைதிருப்பவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. என் மகளுக்கு நட்ஸ் ஒவ்வாமை. கோர்மா, பசந்தா, டிக்கா மசாலா, பெஷாவரி நான் இவற்றில் பாதாம் தூள் போடுவது வழக்கம், கண்ணுக்குத் தெரியாது. 2014-ல் வட யார்க்‌ஷரில் ஒருவர் நட்ஸ் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லி வாங்கிய கறியில் நிலக்கடலை இருந்து இறந்துபோனார். பாதாம் தூளுக்குப் பதில் விலை குறைந்த நிலக்கடலை கலந்த தூளைச் சமையலறையில் மாற்றியிருந்தார்கள். 2016-ல் அந்தக் கடை உரிமையாளருக்கு ஆறு வருடச் சிறை விதித்தார்கள்.

2014 டிசம்பரிலிருந்து 14 ஒவ்வாமைப் பொருட்களில் எது எந்தப் பதார்த்தத்தில் இருக்கிறது என்று எல்லாக் கடைகளும் சொல்லியாக வேண்டும். வெயிட்டர் ‘இல்லை, இல்லை’ என்று தலையாட்டினால் போதாது. பட்டியலைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். அவர்கள் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுவோம், குழந்தையின் உயிரை வைத்துச் சங்கடம் பார்க்க முடியாது.

வாசல் கண்ணாடியில் பச்சையும் கறுப்புமாகச் சுகாதார மதிப்பெண் ஸ்டிக்கர் இருக்கும், 0 முதல் 5 வரை. வேல்ஸில் ஒட்டியே தீர வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஒட்டாத கடையின் மதிப்பெண்ணையும் உணவுத் தர ஏஜென்சியின் இணையதளத்தில் கடைப் பெயரை அடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.


கணக்குப்பிள்ளை · செவ்வாய் பகல் 12:48

சர்வீஸ் சார்ஜ் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே.

பில்லில் ‘விருப்பத்தின் பேரில்’ என்று போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. மெனுவிலேயே கட்டாயம் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் விஷயம் வேறு, தெரு முனைக் கடைகளில் அது அபூர்வம். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சட்டம் அமலில் இருக்கிறது. சர்வீஸ் சார்ஜாக வந்தாலும், கார்டில் டிப்ஸாக வந்தாலும், முழுவதையும் நியாயமாக வேலைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வரி போக முதலாளி எதையும் பிடிக்கக்கூடாது. வந்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். குறைந்தபட்சக் கூலிக் கணக்கிலும் டிப்ஸைச் சேர்க்க முடியாது. 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2025 ஏப்ரலில் அது மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது, டிப்ஸ் அதற்கு மேல்.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பு நிலைமை மோசம். மாணவனாக இருந்தபோது ஒரு கடையில் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். கார்டில் வந்த டிப்ஸ் எங்களுக்கு வந்ததே கிடையாது. மேசையில் விட்டுப்போன சில்லறையை மட்டும்தான் பிரித்துக்கொள்வோம். உள்ளே பாத்திரம் கழுவியவருக்கு அதிலும் பங்கு இல்லை. அதனால் சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லாதீர்கள் என்பது என் கருத்து. கொடுத்துவிட்டு, ‘இது உங்களுக்கு வருகிறதா, சமையலறைக்கும் போகிறதா’ என்று பரிமாறியவரிடம் மெதுவாகக் கேளுங்கள். வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே முதலாளிகள் ஒழுங்காக இருப்பார்கள்.

இன்னொன்று. டேக்அவே வாங்கினால் டெலிவரி ஆப்பில் போடாமல் கடைக்கு நேரே போன் செய்யுங்கள். ஆப் 30 சதவீதம் வரை கமிஷன் எடுக்கிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற கடைக்கு நடந்துபோய் வாங்கினால் உங்களுக்கும் விலை குறையும், பல கடைகள் பத்து சதவீதம் தள்ளுபடியும் தருகின்றன.


சமையற்கட்டு · செவ்வாய் இரவு 8:15

இழையைப் படித்த பிறகு நேற்று எங்கள் பக்கத்துக் கடையில் புனாவும் தர்கா டாலும் வாங்கினோம். புனா நன்றாக இருந்தது. கறி மென்மையாக இருந்தாலும் உள்ளே உப்பு ஏறவில்லை, அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு. மசாலாவில் வெள்ளி ஷிஃப்ட் சொன்ன தீய்ந்த மணம் தெரிந்தது, வீட்டு அடுப்பில் அது வராது. அங்கே இருந்த பெரியவரிடம் சாத்கொரா கிடைக்குமா என்று கேட்டேன். ஃப்ரீஸரில் வைத்திருக்கிறார்களாம், அடுத்த வாரம் செய்து தருவதாகச் சொன்னார்.


சட்டன்வாசி · செவ்வாய் இரவு 10:22

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று வேலையிலிருந்து வரும் வழியில் கடைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்தேன். எலும்போடு ஆட்டுக்கறி செய்து தருவார்களாம், குறைந்தது நான்கு பேருக்காவது ஆர்டர் இருந்தால் நல்லது என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிடலாம் என்று இருக்கிறோம். ஒவ்வாமைப் பட்டியலைக் கேட்டதும் ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினார்கள், நிலாவின் அம்மாவுக்குத் தனியாக நன்றி. மதுரைக்காரர் சொன்னபடி டூட்டிங்கும் ஒரு சனிக்கிழமை உண்டு.

ஒரே சந்தேகம். அம்மா அப்பா இரவு ஏழு மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள், எட்டு மணிக்கு மேல் வயிற்றுக்கு ஆகாது. மதியச் சாப்பாட்டுக்குப் போகலாமா? ‘பேங்க்வெட் நைட்’ என்று ஒரு போர்டும் பார்த்தேன், அது என்ன?


வெள்ளி ஷிஃப்ட் · புதன் காலை 7:10

தெரு முனைக் கடைகளில் நிறையப் பேர் இப்போது மதியம் திறப்பதே இல்லை. கூட்டமும் வருவதில்லை, ஆளும் கிடைப்பதில்லை. திறந்தாலும் இரண்டரை மணிக்கு மூடி ஐந்தரைக்குத்தான் திரும்பத் திறப்பார்கள். நடுவில் மாஸ்டர்கள் மாடியறையில் போய்ப் படுப்பார்கள். மதியம் பஃபே போடும் கடை வேண்டுமென்றால் யூஸ்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ட்ரம்மண்ட் ஸ்ட்ரீட் போகலாம். திவானா பேல் பூரி ஹவுஸ் எழுபதுகளிலிருந்து சைவச் சாப்பாடு போட்ட இடம், அம்மாவுக்கு ஏற்றது. அதிவேக ரயில் வேலைக்காக அந்தப் பக்கத்துச் சாலைகளை அடைத்ததில் கடைகளுக்கு ரொம்ப அடி. கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பேங்க்வெட் நைட் என்றால் கூட்டம் குறைந்த வார நாளில் ஸ்டார்டர், மெயின், சைட் டிஷ், சோறு அல்லது நான் எல்லாம் சேர்த்து ஒரே விலை. தனித்தனியாக வாங்குவதைவிடக் கணிசமாகக் குறையும். அம்மாவுக்கு மெயினுக்குப் பதிலாக இரண்டு சைட் டிஷ் மாற்றித் தரச் சொல்லலாம், மறுக்க மாட்டார்கள். ஐந்தரைக்குத் திறந்ததும் போய் உட்காருங்கள். தந்தூர் அடுப்பு முழுச் சூடேற ஆறு மணி ஆகிவிடும், நான் அதற்கு முன் சரியாக உப்பாது, அதனால் முதலில் சப்பாத்தி சொல்லுங்கள். அப்பாவுக்குச் சொல்லிச் செய்யும் எலும்புக் கறியை மட்டும் பேங்க்வெட் இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள், அன்று மாஸ்டருக்கு நேரம் இருக்கும். செவ்வாய்க்கிழமை சில கடைகளுக்கு விடுமுறை, எதற்கும் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.